தோற்ற பிறகு என்ன செய்வது? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை விடாமுயற்சியைக் கற்றுத்தர ஒரு முழுமையான வழிகாட்டி

விடாமுயற்சியைப் பற்றிப் பேசாத பள்ளி கிடையாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுகிறோம், சுவரில் எழுதி வைக்கிறோம், ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரும் அரை மணி நேரம் அதையே பேசிவிட்டுப் பொன்னாடையோடு கிளம்பிவிடுகிறார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி: "விடாம முயற்சி பண்ணு." எதை விடாமல்? அதே தப்பை அதே மாதிரி நூறு முறை செய்தாலும் அது விடாமுயற்சிதானா? யாரும் சொல்வதில்லை.

என் கட்சி இதுதான். முதல் முறை தோற்றதற்கும் இரண்டாம் முறை இறங்குவதற்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது: என்ன ஆச்சு என்று பார்ப்பது, எதை மாற்றுவது என்று முடிவு செய்வது, யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்வது. மனவுறுதியை நம்மால் ஊட்டிவிட முடியாது. ஆனால் இந்த நடு வேலையை வகுப்பறையில் செய்ய வைக்க முடியும், பழக்கிவிடவும் முடியும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழிதான்.

இந்த வயதில் ஏன் என்றால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகைக்கு ஓடி வந்து தப்பாக எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய் உட்காரும். அதே பிள்ளை ஏழாம் வகுப்பில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்காது. பக்கத்து பெஞ்சு என்ன நினைக்கும் என்கிற கணக்கு வந்துவிடுகிறது. "எனக்கு மேத்ஸ் வராது", "நான் ஸ்போர்ட்ஸ்ல வேஸ்ட்" என்பதெல்லாம் கெட்டிப்படுவது இந்த மூன்று வருடங்களில்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

மொத்தம் ஏழெட்டு பீரியட் போதும், ஒரு மாதத்தில் பரப்பிக்கொள்ளலாம். பழைய செய்தித்தாள், சாக்பீஸ், நூல், ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. புரொஜெக்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

படி 1: விட்டுவிட்டதைக் கேளுங்கள்

முதல் பீரியடில் நீங்கள் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். துண்டுத்தாள் கொடுத்து, "தொடங்கிப் பாதியில் விட்ட ஒரு விஷயம் எழுதுங்க, ஏன் விட்டீங்கன்னும் ஒரு வரி. பேர் எழுத வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். பேர் வேண்டாம் என்பது முக்கியம். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற வேலையையும் செய்யாதீர்கள், அது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

வருவதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். சைக்கிள், சிலம்பம் கிளாஸ், இந்தி டியூஷன், நீச்சல், கபடி டீம், வீட்டில் வளர்த்த செடி. "ஏன்" என்கிற வரிதான் சுவாரசியம். கூட்டிப்போக ஆளில்லை, ஃபீஸ் கட்ட முடியவில்லை, அண்ணன் கிண்டல் செய்தான், ஒரு முறை விழுந்ததும் பயம் வந்துவிட்டது, சும்மா பிடிக்கவில்லை. இவற்றைப் பலகையில் நான்காகப் பிரியுங்கள்: வழி தெரியாமல் விட்டது, ஆளோ பணமோ இல்லாமல் விட்டது, வெட்கத்திலும் பயத்திலும் விட்டது, விட்டது சரிதான் என்று இன்றும் தோன்றுவது.

சோம்பேறித்தனம் என்று ஒரு கட்டம் போட வேண்டும் என்று சில பிள்ளைகளே கேட்பார்கள், பெரியவர்கள் சொல்லிச் சொல்லி ஊறிப்போனது அது. போட வேண்டாம். சோம்பேறித்தனம் என்று எழுதிய சீட்டை எடுத்து, "சரி, எந்த இடத்துல போரடிச்சுது?" என்று கேட்டால் பெரும்பாலும் அது மற்ற நான்கில் ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

படி 2: சந்திரயான், இரண்டு பீரியட்

பிள்ளைகளுக்கு இந்தக் கதையின் முடிவு தெரியும், நடுப்பகுதி தெரியாது. அதனால்தான் இது நல்ல பாடம்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கப் போனது. 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் திட்டப்படி நடந்தது, அதன் பிறகு தொடர்பு அறுந்தது என்று இஸ்ரோ அறிவித்தது. லேண்டர் மோதி நொறுங்கியது. இங்கேயே கதையை நிறுத்துங்கள். பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, "நீங்கதான் இஸ்ரோ. நாளைக்குக் காலையில ஆபீசுக்குப் போனதும் முதல் வேலை என்ன?" என்று கேளுங்கள். பாதிக் குழுக்கள் "உடனே இன்னொன்னு செய்வோம்" என்பார்கள். ஏதாவது ஒரு குழு "ஏன் விழுந்துதுன்னு பார்ப்போம்" என்று சொல்லும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காரணங்களைக் கொடுங்கள். இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் பின்னாளில் இவற்றை வெளிப்படையாகவே சொன்னார். ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின, அதனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அதைச் சரிசெய்ய லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, அந்த அளவுக்குத் திரும்ப மென்பொருள் விடவில்லை. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர், அதைத் தேடிப் போவதில் வேகம் கூடிவிட்டது. இந்த மூன்றையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே குழுக்களே தீர்வு எழுதட்டும். ராக்கெட் அறிவியல் என்று பயப்படாதீர்கள். "இடத்தைப் பெருசாக்கலாம் சார்" என்று ஆறாம் வகுப்புப் பையனே சொல்லிவிடுவான். இஸ்ரோவும் அதைத்தான் செய்தது: இறங்கும் பகுதியை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். நடு என்ஜினை எடுத்துவிட்டு நான்காக்கினார்கள், கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். முக்கியமாக, "எதெல்லாம் சரியாகப் போகும்" என்று யோசிப்பதை விட்டு "எதெல்லாம் கெட்டுப்போகலாம், அப்படிக் கெட்டாலும் எப்படி இறக்குவது" என்று யோசித்து வடிவமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு சந்திரயான்-3 இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். விழுப்புரம் பக்கத்துப் பள்ளி என்றால் இதை இரண்டு முறை சொல்லுங்கள், தப்பில்லை.

விட்டுவிடக் கூடாத இன்னொரு விஷயம். சந்திரயான்-2 முழுத் தோல்வி இல்லை. அதன் ஆர்பிட்டர் நிலவைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தது, அது எடுத்த படங்கள் அடுத்த லேண்டருக்கு இடம் பார்க்க உதவின. தேர்வில் 38 வாங்கிய பிள்ளைக்கு அந்த 38 எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படி 3: சாக்பீஸ் லேண்டர்

கேட்டது கையில் இறங்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு முழு சாக்பீஸ், கால் தாள் செய்தித்தாள், கை நீளம் நூல். பசை, டேப் கிடையாது. முதல் மாடியிலிருந்து போட்டால் சாக்பீஸ் உடையக் கூடாது. (முட்டை வைத்துச் செய்யச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. சத்துணவில் முட்டைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் முன்னால் முட்டையை உடைத்து விளையாட எனக்கு மனசு வராது.) மாடி இல்லாத பள்ளி என்றால் ஆசிரியர் மேஜை மேல் நின்று கையை உயர்த்திப் போடலாம், தாளை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் நீங்களே போட்டுப் பாருங்கள்: எல்லாம் தப்பித்தால் தாளைக் குறையுங்கள், எல்லாம் உடைந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். முதல் சுற்றில் பெரும்பாலான குழுக்கள் உடைக்க வேண்டும், அதுதான் தேவை. மாடியில் நீங்கள் நிற்க வேண்டும், கீழே கோடு போட்டு யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

முதல் சுற்று முடிந்ததும் கூச்சல் கிளம்பும், உடனே அடுத்ததைச் செய்ய ஓடுவார்கள். விடாதீர்கள். இந்தப் பாடமே அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. உடைந்த பொட்டலத்தைப் பிரித்து, சாக்பீஸ் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று பார்க்க வைக்க வேண்டும். முனை நொறுங்கியிருந்தால் நேராக விழுந்திருக்கிறது, நடுவில் இரண்டாக முறிந்திருந்தால் படுக்கையாக விழுந்திருக்கிறது. முனையில் தாளே இல்லாமல் நடுவில் மட்டும் தடிமனாகச் சுற்றியிருப்பார்கள், பிரித்தால்தான் அது தெரியும். நோட்டில் மூன்று வரி எழுதிய பிறகுதான் புதுச் சாக்பீஸ்: என்ன ஆச்சு, ஏன் என்று நினைக்கிறோம், எந்த ஒன்றை மாற்றப் போகிறோம். ஒன்றே ஒன்றைத்தான் மாற்றலாம். எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது சுற்றிலும் உடையும் குழு இருக்கும். பரவாயில்லை. பரிசு கொடுப்பதாக இருந்தால் உடையாத சாக்பீசுக்குக் கொடுக்காதீர்கள், நல்ல மூன்று வரிக்குக் கொடுங்கள்.

படி 4: மாரியப்பன், கொஞ்சம் கவனமாக

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எல்லாருக்கும் தெரியும். ஐந்து வயதில் வலது காலில் பேருந்து ஏறி அது சேதமானது, அம்மா காய்கறி விற்று வளர்த்தார், 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். இதை "அவராலேயே முடிஞ்சுது, உனக்கென்ன கேடு?" என்று முடிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். உங்கள் வகுப்பில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்த வரி எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். மற்றவர்களை வெட்கப்பட வைப்பதற்கு அவர் உயரம் தாண்டவில்லை.

அதற்குப் பதில் இரண்டு விஷயங்களைப் பேசலாம். ஒன்று, கதையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். அம்மா, பள்ளியில் அவரைக் கவனித்த உடற்கல்வி ஆசிரியர், பெங்களூருக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்த பயிற்சியாளர். தனியாளாகச் சாதித்தார் என்று சொல்லிப் பழகிய கதைக்குள் இத்தனை பேர். பிறகு பிள்ளைகள் தங்கள் நோட்டில், தங்களுக்குக் கஷ்டமான ஒரு விஷயத்தை எழுதி, அதற்கு யாரிடம் கேட்கலாம் என்று இரண்டு பேர் எழுதட்டும். ஒரு பேரும் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை தனியாகப் பேச வேண்டிய பிள்ளை அது.

இரண்டாவது, உயரம் தாண்டுதல் என்கிற விளையாட்டே எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு, தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியே. தங்கம் வாங்குகிறவரும் தானாக நிறுத்திக்கொள்ளாவிட்டால் கடைசியில் குச்சியைத் தட்டிவிட்டுத்தான் போட்டியை முடிப்பார். பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்கும். மைதானத்தில் மணல் இருந்தால் இரண்டு கம்பத்துக்கு நடுவில் ரப்பர் கயிறு கட்டி, முட்டி உயரத்தில் தொடங்கித் தாண்ட விடுங்கள், ஒவ்வொருவரும் தங்கள் மூன்று தவறல் வரை. எல்லாருமே தவறலில்தான் முடிப்பார்கள். அதனால் யாரும் தனியாக அவமானப்பட வேண்டியதில்லை. தாண்ட முடியாத, விரும்பாத பிள்ளைகள் உயரம் அளப்பது, எழுதுவது என்று பொறுப்பெடுக்கட்டும்.

நேரம் இருந்தால் விவாதத்துக்கு ஒன்று: ரியோவில் 1.89 தங்கம், டோக்கியோவில் 1.86 வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 வெண்கலம். இது இறங்குமுகமா? எட்டாம் வகுப்பு இதில் நன்றாகச் சண்டை போடும். நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

படி 5: விடைத்தாள்

மேலே சொன்னதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, வகுப்புத் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சிவப்பு மையில் மார்க் போட்டு அதோடு முடித்துவிட்டால் பிள்ளைகள் நம்பப்போவது அந்த மார்க்கைத்தான். அதனால் திருத்தத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். பருவ முடிவில் வரும் தொகுத்தறித் தேர்வில் கை வைக்க முடியாது, ஆனால் வகுப்புத் தேர்வும், பாடம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீடும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. இழந்த மதிப்பெண்ணில் பாதிவரை திரும்ப வாங்கலாம், ஒரே நிபந்தனை: சரியான விடையோடு, தப்பு எங்கே நடந்தது என்றும் எழுத வேண்டும்.

"கவனக்குறைவு" என்று எழுதினால் வாங்காதீர்கள். எழுபது சதவீதம் அதுதான் வரும் என்று புள்ளிவிவரம் மாதிரிச் சொல்ல ஆசை, ஆனால் எண்ணியதில்லை. நிறைய வரும், அவ்வளவுதான். ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருக்கிறான் என்று வையுங்கள். காரணம் கேட்டால் "கவனிக்கல மிஸ்." கவனிக்காமல் இல்லை, நன்றாகக் கவனித்துத்தான் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறான். "பகுதி வேற வேறயா இருந்துச்சு, சமமாக்காம கூட்டிட்டேன்" என்று எழுதும்வரை தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு சப்பாத்தியில் பாதியும் இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கும் சேர்த்தால் பாதியைவிடக் குறைந்துபோகுமா என்று அவனையே கேளுங்கள், 2/5 பாதியைவிடக் குறைவு என்று அவனே கண்டுபிடிப்பான்.

இதோடு ரப்பரையும் கொஞ்ச நாள் ஓரம் கட்டுங்கள். தப்பானதை அழிக்காமல் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். நோட்டு அசிங்கமாக இருக்கிறது என்று பெற்றோர் வருவார்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 6: வாயில் வரும் சொல்

"உன்னால முடியும்" என்பது நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் கணக்கு புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதனால் பிரயோசனம் இல்லை. "டீச்சர், எனக்கு இது வராது" என்றால், "எந்த வரி வரைக்கும் வந்துச்சு, காட்டுமா" என்று கேளுங்கள். பாதி நேரம் மூன்று வரி சரியாக வந்திருக்கும். "நீ புத்திசாலிடா" என்பதைவிட "போன தடவை படம் வரையாம போட்டே, இப்போ வரைஞ்சு போட்டிருக்கே" என்பது கூட நாள் நிற்கும், ஏனென்றால் அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒப்பீடு வேண்டாம், குறிப்பாக அக்கா தங்கைகளோடு. "உங்க அக்கா எப்படிப் படிச்சா தெரியுமா" என்று நான்கு வருடம் கேட்ட பிள்ளை ஐந்தாவது வருடம் முயற்சி செய்யாது, நானாக இருந்தாலும் செய்ய மாட்டேன்.

படி 7: எதை விடலாம், எதைத் தாங்கவே கூடாது

பெரும்பாலான பாடத்திட்டங்கள் தொடாத இடம் இது. எதையும் விடாதே என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது ஆபத்து.

விடுவதற்குத் தென் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கில்டன் கதையைச் சொல்லலாம். 1909 ஜனவரி 9, தென் துருவத்துக்கு இன்னும் சுமார் 180 கிலோமீட்டர். அதுவரை மனிதர் யாரும் போகாத தூரம். போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் திரும்பி வரச் சாப்பாடு போதாது. திரும்பிவிட்டார், கூட வந்த மூவரும் உயிரோடு திரும்பினார்கள். துருவத்தை முதலில் தொட்ட பெயர் 1911இல் நார்வேக்காரர் அமுண்ட்செனுக்குப் போனது. அதே ஷாக்கில்டன் 1915இல் எண்ட்யூரன்ஸ் கப்பல் பனியில் நசுங்கியபோது, அண்டார்டிகா கண்டத்தைக் கடக்கும் திட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு ஆட்களை வீடு சேர்ப்பதை மட்டும் பிடித்துக்கொண்டார், அந்தக் கப்பலில் இருந்த 28 பேரும் பிழைத்தார்கள். இவர் விட்டாரா, விடவில்லையா? கேட்டுவிட்டு உட்காருங்கள்.

தாங்கக் கூடாதது வேறு. அடி, குடித்துவிட்டு வரும் அப்பா, தொடக் கூடாத இடத்தில் தொடும் ஆள், சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கூட்டம், வேலைக்குப் போகச் சொல்லும் வீடு. இவற்றுக்கெல்லாம் "பொறுத்துக்கோ, உறுதியா இரு" என்பது பதில் ஆகாது. இங்கே சரியான அடுத்த முயற்சி, நம்பும் பெரியவரிடம் சொல்வது, அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்வது. 1098 குழந்தைகள் உதவி எண்ணையும், தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எல்லாருமே எழுதட்டும், தேவைப்படும் பிள்ளை தனியாகத் தெரியாது. பாலியல் குற்றம் என்று தெரிய வந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும், தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்று ஆசிரியர் கைகழுவ முடியாது.

இன்னொன்று: சொந்தக் கஷ்டத்தை வகுப்பு முன்னால் எழுந்து சொல்லச் சொல்லாதீர்கள். நெகிழ்ச்சியாக இருக்கும், கைதட்டல் வரும், மறுநாள் அந்தப் பிள்ளை வேன் ஸ்டாண்டில் நிற்கும்போது அதுவே கிண்டலாகிவிடும்.

படி 8: ஒரு மாத நோட்டு

கடைசியாக, ஆளுக்கு ஒரு சின்ன வேலை. பதிமூன்றாம் வாய்ப்பாடு, ஸ்கிப்பிங் தொடர்ச்சியாக, சிக்குக் கோலம், ஆங்கிலத்தில் ஒரு பத்தி தடுமாறாமல் வாசிப்பது, எதுவானாலும் சரி, இன்று செய்ய முடியாததாகவும் ஒரு மாதத்தில் கொஞ்சமாவது நகரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "ஃபர்ஸ்ட் ரேங்க்" என்று எழுதினால் மாற்றச் சொல்லுங்கள், அது அவர்கள் கையில் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பத்து நிமிடம், அதே மூன்று வரி. ஒரு முறை வேலையை மாற்றிக்கொள்ளலாம், காரணம் எழுதிவிட்டு. மாத முடிவில் யார் முடித்தார்கள் என்று கை தூக்கச் சொல்லாதீர்கள், முதல் வாரத்து வரியையும் கடைசி வாரத்து வரியையும் அடுத்தடுத்து வைத்து அவரவரே படிக்கட்டும். "சரியா வரல" என்று தொடங்கியது "எட்டாவது சுத்துல இடது கால் கயித்துல மாட்டுது" என்று மாறியிருந்தால் எனக்குப் போதும், ஸ்கிப்பிங் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும்.

போர்ஷன் முடியவில்லை, இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று கேட்பீர்கள். சந்திரயானை அறிவியலிலும், விடைத்தாளைக் கணக்கிலும், கயிறு தாண்டுவதை பி.இ.டி. பீரியடிலும் போட்டுவிட்டால் தனியாகத் தேவைப்படுவது இரண்டு மூன்று பீரியட்தான். தொடங்குவதற்கு ஜூன் மாதம் வேண்டாம், அப்போது யாரும் எதிலும் தோற்றிருக்க மாட்டார்கள். காலாண்டு விடைத்தாள் கொடுக்கிற வாரத்தில் துண்டுத்தாளை நீட்டுங்கள்.